ஓர் ஊசி குறைவு

ஹெர்ஜா சுரங்கத்தில் எனக்கு விளக்கறை வேலை.
இறங்குகிறவனுக்கு எண் பார்த்து விளக்கு கொடுப்பேன்,
ஏறி வந்ததும் வாங்கி மாட்டுவேன்.
எத்தனை கொக்கி காலியோ
அத்தனை பேர் இன்னும் மலைக்குள்.

ஈயமும் துத்தநாகமும் அரசாங்கத்துக்கு.
பாறை இடுக்குப் பொந்துகளில் விளைந்து கிடப்பவை மட்டும்
யார் கணக்கிலும் வராது.
சுரங்கப்பூ என்போம் ருமேனியாவில்.
பறித்தால் வாடாது.
பிடிபட்டால் பறித்தவன்தான் வாடுவான்.

எழுபத்தொன்பது, பிப்ரவரி, ராத்திரி ஷிப்ட்.
விளக்கைத் தந்த பிறகும் காஷ்பார் நகரவில்லை.
அவன் கையில் ஒரு முழு ரொட்டி.
எட்டு மணி நேரம் கல்லோடு முட்டியவன்
ரொட்டியைக் கடிக்காமல் கொண்டுவருவானா?
“வெதூரியா, கதவைச் சாத்து.”

மேலோட்டைத் தூக்கினான்.
தோண்டியெடுத்த குழிக்குள்
அஞ்சனக்கல்.
முள்ளம்பன்றி ஒன்று சிலிர்த்தபடியே உறைந்துவிட்ட மாதிரி,
ஊசி ஊசியாக,
ஒன்றின் மேல் ஒன்று படாமல்.
அடியில் கொஞ்சம் வெள்ளைக் கால்சைட்.
நேரே பார்த்தால் கறுப்பு.
விளக்கைச் சாய்த்தால்
ஒவ்வொரு ஊசியும் வெளிச்சத்தைத் தன் நுனிவரை
ஏற்றிக்கொண்டு போயிற்று.
எண்ணினேன். நாற்பத்திரண்டு.
எண்ணுவதுதானே என் பிழைப்பு.

“தொடாதே. மூச்சுக்கூட விடாதே.
மெழுகுவத்திச் சுடருக்கே உருகிவிடும்.”
ஒரு மலையையே தலைக்கு மேல் வைத்திருந்தது
என் மூச்சுக்கா பயப்படும் என்று நினைத்தேன்.

வாசலில் காவலாளி மாறும்வரை
என் அலமாரியில் இருக்கட்டும் என்று
அவன் வெளியே பனியில் போய் நின்றான்.
நாற்பது நிமிடம்
நானும் அதுவும்.

தொட்டேன்.
சத்தமே இல்லை,
தலைமுடி உதிர்வதுபோல.

ஒட்டவைக்க எனக்குத் தெரியாது. ஒளிக்கத் தெரியும்.
கரண்டி முதுகால் நசுக்கி
உதட்டுக்குப் பூசும் வாசலினில் குழைத்தேன்.
யேசபேல் கண்ணுக்கு மையிட்டு
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த கதையைச் சொல்லிச் சொல்லி
எங்கள் பாதிரியார் பெண்பிள்ளைகளை மிரட்டுவார்.
எனக்கு அன்றுவரை மையும் இல்லை,
விளக்கறையில் ஜன்னலும் இல்லை.
ஒரு விளக்கின் கண்ணாடியில் முகம் பார்த்து
இரண்டு கண்ணுக்கும் இழுத்தேன்.

காஷ்பார் வந்து ரொட்டியை எடுத்தான். எண்ணவில்லை.
என்னையே பார்த்தான்.
“கண்ணில் தூசியா?”
“ஆமாம்.”

பிறகு கேள்விப்பட்டேன்:
ஜெர்மன்காரன் ஒருவனுக்குக் கைமாறி
காஷ்பார் வீட்டுக்குத் துணி துவைக்கும் இயந்திரம் வந்ததாம்.

முப்பத்தைந்து வருடம்.
சுரங்கம் மூடி, கொக்கிகளும் இரும்பு விலைக்குப் போய்
நான் மியூனிக்கில் தரை துடைக்கிறேன்.
அக்டோபர் கடைசியில் கற்களுக்கு ஒரு கண்காட்சி.
உலகமெல்லாம் இருந்து வருகிறார்கள்,
கழுத்தில் லென்ஸ் தொங்க.
விலை கேட்பதற்குமுன் குறை தேடுகிறார்கள்.
குறை கிடைக்காதபோது
பேச்சே நின்றுபோய்,
கோட்டுப் பையில் கையை விட்டபடி
குழந்தைபோல் நிற்கிறார்கள். அது எனக்குப் பிடிக்கும்.

மூன்றாம் வரிசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
உள்ளே, ரொட்டியில்லாமல், வெற்றுடம்பாக
அது.
பக்கத்தில் பழைய சீட்டுகள் மூன்று,
ஒன்றைவிட ஒன்று மஞ்சளாக,
வைத்திருந்தவர்கள் பெயரோடு.
காஷ்பார் எதிலும் இல்லை.
கடைசிச் சீட்டில் சின்ன எழுத்தில்:
‘ஓர் ஊசி குறைவு.’

கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:
“அது மட்டும் இருந்திருந்தால் இன்னும் நாலாயிரம் யூரோ.”

நாலாயிரம் யூரோ மை!
வீடு போய்ச் சேருமுன்
பனி கரைத்துவிட்டிருந்தது.
சிரிப்பு வந்தது. சொல்லலாமா என்றும் வந்தது.
துடைப்பக்காரி சொன்னால்
சீட்டில் ஏற்றுவார்களா?

எண்ணினேன். நாற்பத்தொன்று.
வேக்குவம் கிளீனரை இழுத்தால் தரை அதிரும்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
அந்தக் கடை முன்னால் மட்டும்
மண்டியிட்டுக் கையால் துடைத்தேன்,
மூச்சை அடக்கிக்கொண்டு.